பிரேக்கிலேயே கால் – கடிதம்

அன்புள்ள ஐயா,

போன வருடம் தம்பிக்கு பைக் விபத்து. உடம்பு தேறிவிட்டது. ஆனால் தூக்கமில்லை, லாரி ஹார்ன் கேட்டாலே நடுங்குகிறான். கஞ்சா மாதிரி ஒன்றை மூளையே சுரக்கிறதாம், அது குறைந்தால்தான் இப்படி ஆகுமாம். அப்படியென்றால் நண்பர்கள் சொல்கிறபடி அவன் கொஞ்சம் புகைத்தால் என்ன? சட்டம் மட்டும்தான் தடையா?

ஆர்., அம்மாப்பேட்டை, சேலம்

அன்புள்ள ஆர்.,

சட்டத்தை வக்கீல் பார்த்துக்கொள்வார், விடுங்கள். 1992ல் ஜெருசலேமில் மெக்கூலம் என்ற வேதியியலாளரின் குழுவினர், மூளை சுரக்கிறதாக நீங்கள் சொன்ன அந்தப் பொருளைப் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்து, நம் ஆனந்தத்தை ஒட்டி ஆனந்தமைட் என்று பெயர் வைத்தார்கள். வம்பே அந்தப் பெயரில்தான். அது ஆனந்தம் இல்லை, பிரேக். ஒரு நரம்பு செல் அளவுமீறிக் கத்தினால், கேட்கிற செல் அதை அப்போதைக்கப்போது தயாரித்து வந்த வழியிலேயே திருப்பி அனுப்பி, போதும்டா என்கிறது. வேலை முடிந்ததும் ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். ஓயாத மன அழுத்தத்தில் அந்த நொதி மிஞ்சிப்போய் ஆனந்தமைட் குறைவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். அதுவரை நீங்கள் படித்தது சரி.

என் மாமா ஏற்காட்டிலிருந்து காப்பி மூட்டை இறக்கும் லாரி டிரைவர். இருபது கொண்டை ஊசி வளைவு. புதுப் பையன்கள் இறக்கம் முழுக்க பிரேக்கிலேயே காலை வைத்திருப்பார்கள், கருகிய வாடை வரும், அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. "கியர்ல இறக்குங்கடா" என்று திட்டுவார். புகை அப்படித்தான் ஐயா! தேவையான இடம், தேவையில்லாத இடம் என்று பார்க்காமல் மூளை முழுக்க மணிக்கணக்கில் மிதிக்கிறது. தினமும் புகைப்பவர்களுக்கு ஆனந்தமைடை வாங்கிக்கொள்ளும் சிபி1 ஏற்பிகளே குறைகின்றன. பிரேக்கையே கழற்றினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாயிற்று: அந்த ஏற்பியை அடைக்கும் ரிமோனபான்ட் 2006ல் ஐரோப்பாவில் உடல் எடை குறைக்க வந்தது, மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வர, 2008ல் நிறுத்தினார்கள்.

ஒரு மழைநாளில் மாமாவின் லாரியே சறுக்கி கிளீனர் இறந்துபோனார். அதற்கப்புறம் ஹார்ன் கேட்டால் மாமா கையிலிருந்து சோற்றுத்தட்டு விழும். சேர்வராயன் கோயிலில் கயிறு கட்டினோம். "தைரியமா இருங்க மாமா" என்று சொன்ன மடையர்களில் நானும் ஒருவன். மாமாவும் பீடியில் கஞ்சா வைத்துத்தான் தூங்கினார். இல்லாத ராத்திரிகளில் கனவு இரண்டு மடங்காக வந்து உட்கார்ந்தது.

தம்பியை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், இந்த வாரமே. சிபி1 இல்லாத எலிகளால் பழைய பயத்தை மறக்க முடியவில்லை என்று 2002லேயே கண்டார்கள். பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மறக்கப் பழகுவதற்கும் அதே அமைப்புதான் வேண்டும், அதைப் போய் புகைபோட்டு மழுங்கடிப்பீர்களா?

மாமாவை டாக்டர் முதல் வாரம் நின்றிருந்த லாரியில் சாவி போடாமல் உட்காரச் சொன்னார். அடுத்த வாரம் எஞ்சினை மட்டும் ஓடவிட்டார்கள். மூன்றாம் மாதம் அடிவாரம்வரை ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வழி நெடுக என்னைத்தான் திட்டிக்கொண்டு வந்தார்.