ஓராண்டு எல்.எல்.எம்.: வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்கும் முன்பு

கேள்வி: என் மகள் ஐந்தாண்டு பி.ஏ., எல்.எல்.பி. முடித்துவிட்டாள். சர்வதேசச் சட்டத்தில் மேல்படிப்பு படிக்க ஆசைப்படுகிறாள். இங்கிலாந்தில் ஓராண்டு எல்.எல்.எம். சேர்த்துவிடுவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். எல்லாம் சேர்த்து 34 லட்சம் ஆகுமாம். வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கலாம் என்கிறார். படித்தால் ஐ.நா.வில் வேலை, அது இல்லையென்றால் இங்கே சட்டக் கல்லூரியில் நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான தேசியத் தேர்வு) இல்லாமலே உதவிப் பேராசிரியர் வேலை என்கிறார். எங்களுக்குத் தெரிந்த வக்கீலோ ஓராண்டுப் பட்டம் இந்தியாவில் செல்லவே செல்லாது என்கிறார். இரண்டு வாரத்தில் முன்பணம் கட்ட வேண்டுமாம். என்ன செய்வது? – ஒரு வாசகர், திருநெல்வேலி.

பதில்: ஐயா, முதலில் அந்த இரண்டு வாரக் கெடு யார் வைத்தது என்று பாருங்கள். பல்கலைக்கழகம் அனுப்பிய சேர்க்கைக் கடிதத்தை ஏஜென்டிடம் கேட்டு வாங்கி, உங்கள் மகளே முழுதாகப் படிக்கட்டும். முன்பணத்துக்கான கடைசித் தேதி அதில் இருக்கும். ஏஜென்ட் சொல்லும் தேதியும் கடிதத்தில் உள்ள தேதியும் ஒத்துப்போகாத கடிதங்கள் என் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன. விசா கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா, மனம் மாறினால் திரும்புமா என்பதும் அதிலேயே இருக்கும். பெரும்பாலும் முதலாவதற்குத்தான் திரும்பும். இதைப் படித்துப் புரிந்துகொள்ளும்வரை ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். உங்கள் வக்கீல் நண்பர் சொன்னது பாதிதான் சரி. எதற்குச் செல்லாது என்று அவர் சொல்லவில்லை. உங்கள் மகள் கறுப்பு அங்கி போட்டு வழக்காடுவதற்கு எல்.எல்.எம். தேவையே இல்லை. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி பதிவு செய்ய இங்கே படித்த எல்.எல்.பி. போதும், அப்புறம் அகில இந்திய பார் தேர்வு. வெளிநாட்டில் அவள் என்ன படித்தாலும், படிக்காவிட்டாலும் அந்த உரிமை அப்படியேதான் இருக்கும். சிக்கல் வருவது கற்பித்தல் வேலைக்குப் போகும்போது.

அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில்தான் குடும்பங்கள் ஏமாறுகின்றன. வழக்கறிஞர் தொழிலையும் சட்டக் கல்வியையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சில், முதுநிலைச் சட்டப் படிப்புக்கென்று 2020 விதிகள் என்ற பெயரில் ஒரு தொகுப்பைக் கொண்டுவந்து 2021 தொடக்கத்தில் வெளியிட்டது. எல்.எல்.எம். இனி ஈராண்டுதான், வெளிநாட்டு ஓராண்டுப் பட்டம் இந்திய எல்.எல்.எம்.முக்குச் சமம் ஆகாது என்றது. உடனே உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் வந்தன. அந்தக் கல்வியாண்டில் அமல்படுத்த மாட்டோம் என்று பார் கவுன்சில் நீதிமன்றத்தில் சொன்னது. நம் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் இன்றும் ஓராண்டு எல்.எல்.எம். நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்கு அனுமதி கொடுத்தது பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. ஒரு கை கொடுக்கிறது, இன்னொரு கை பறிக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பது மாணவர்கள். 2025-இல் யு.ஜி.சி. வெளிநாட்டுப் பட்டங்களுக்குச் சமநிலைச் சான்று தரப் புதிய ஒழுங்குமுறை கொண்டுவந்தபோதாவது தெளிவு பிறக்கும் என்று நினைத்தோம். மருத்துவம், நர்சிங், கட்டடக்கலை போலச் சட்டத்தையும் அதிலிருந்து விலக்கிவிட்டார்கள். அதனால் ‘யு.ஜி.சி. சமநிலைச் சான்று நாங்கள் வாங்கித் தருகிறோம்’ என்று எந்த ஏஜென்டாவது சொன்னால், அந்த வாசலைத் தாண்டி வெளியே வந்துவிடுங்கள்.

பார் கவுன்சில் விதியிலேயே ஒரு விலக்கு இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை. நல்ல தரம்பெற்ற வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு எல்.எல்.எம். முடித்தவர், இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் வருகைப் பேராசிரியர் போன்ற பொறுப்பில் ஓராண்டு பணியாற்றினால் அந்தப் பட்டம் இந்திய எல்.எல்.எம்.முக்குச் சமமாகக் கருதப்படலாம் என்கிறது. இந்த ‘படலாம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கருதியே தீர வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. ‘தரம்பெற்ற’ என்பதை யார் அளப்பது என்பதும் தெளிவில்லை. இந்த வழியில் போகிறவர்களுக்கு நான் ஒன்றைத்தான் வற்புறுத்துவேன்: பணியாணையை எழுத்தில் வாங்குங்கள். பதவியின் பெயர், தொடங்கிய தேதி, முடிந்த தேதி, நடத்திய பாடம், பதிவாளர் கையெழுத்து, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். ‘நம்ம கல்லூரிதானே, வந்து வகுப்பு எடும்மா, சான்று அப்புறம் தருகிறோம்’ என்ற பேச்சை நம்பி ஒரு வருடம் உழைத்துவிட்டு, கடைசியில் ‘விருந்தினர் விரிவுரை ஆற்றினார்’ என்று ஒற்றை வரிக் கடிதத்தோடு வந்து நின்ற பெண் ஒருத்தி எனக்குத் தெரியும். அந்தக் கடிதம் எதற்கும் உதவவில்லை. அவள் திரும்பவும் இரண்டு வருடம் உள்ளூரில் எல்.எல்.எம். படித்தாள். நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அடுத்து, நெட் தேர்வு வேண்டாம் என்ற பேச்சு. இது முழுப் பொய், ஆனால் உண்மை போலவே இருக்கும் பொய். யு.ஜி.சி.யின் 2018 ஒழுங்குமுறையில், உலகத் தரவரிசையில் முதல் 500 இடத்துக்குள் வரும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. வாங்கியவருக்கு நெட் தேவையில்லை என்று ஒரு பிரிவு உண்டு. கவனியுங்கள், பிஎச்.டி.! ஏஜென்ட் அந்த ‘முதல் 500’ஐ மட்டும் பிய்த்து எடுத்து எல்.எல்.எம்.மில் ஒட்டிவிட்டார். உங்கள் மகள் இங்கே ஆசிரியராக வேண்டுமென்றால் 55 சதவீத மதிப்பெண்ணுடன் முதுநிலைப் பட்டமும் சட்டப் பாடத்தில் நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்ச்சியும் வேண்டும். அரசு சட்டக் கல்லூரி என்றால் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) அறிவிப்பில் என்ன கேட்கிறார்கள் என்று வரி வரியாகப் பார்க்க வேண்டும். அவள் மனதில் கற்பித்தல்தான் முதல் ஆசை என்றால் நான் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன்: இந்தியாவிலேயே எல்.எல்.எம். முடித்து நெட் எழுதட்டும், வெளிநாட்டை பிஎச்.டி.க்கு வைத்துக்கொள்ளட்டும். பிஎச்.டி. என்றால் உதவித்தொகையோடு போக வழி இருக்கிறது. வீட்டை அடகு வைக்க வேண்டி வராது.

ஐ.நா. வேலை விஷயம். ஐ.நா.வில் தொழில்முறைப் பணியின் கீழ்ப்படிக்கட்டிலேயே பொதுவாக முதுநிலைப் பட்டத்துடன் இரண்டு ஆண்டு அனுபவம் கேட்பார்கள். பட்டம் முடித்த கையோடு உள்ளே போக இளம் நிபுணர்களுக்கான தேர்வு ஒன்று உண்டு. அதற்கு 32 வயது வரம்பு; எந்தெந்த நாட்டினர் எழுதலாம் என்ற பட்டியலையும் ஆண்டுதோறும் வெளியிடுவார்கள். ஐ.நா. தலைமைச் செயலகத்தில் இன்டர்ன்ஷிப் உண்டு, ஆனால் சம்பளம் கிடையாது. நியூயார்க்கிலோ ஜெனீவாவிலோ சாப்பாடு, வாடகை எல்லாம் உங்கள் செலவு. ஐ.நா. எந்தக் கட்டத்திலும் விண்ணப்பக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று பணம் கேட்காது. ‘ஐ.நா. அங்கீகாரம் பெற்ற டிப்ளமா’ என்று நீலக் கொடி போட்ட சான்றிதழை 15,000 ரூபாய்க்கு விற்பவர்கள் ஊருக்கு ஊர் முளைத்திருக்கிறார்கள். வார இறுதியில் ஹோட்டல் அரங்கில் மாதிரி ஐ.நா. கூட்டம் நடத்தி ‘சிறந்த தூதர்’ விருது தருபவர்களும் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் மேடைக் கூச்சம் தெளிய அது உதவலாம். எல்.எல்.எம். சேர்க்கைக்கு அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஜெஸ்ஸப் என்ற சர்வதேசச் சட்ட மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு (மூட் கோர்ட்) ஒரு மனுவை உட்கார்ந்து எழுதியிருந்தால், அதைப் பார்ப்பார்கள்.

ஏஜென்ட் ஏன் அந்தப் பல்கலைக்கழகத்தையே சொல்கிறார் என்று கேட்டீர்களா? சேர்த்துவிடும் ஒவ்வொரு மாணவருக்கும் பல்கலைக்கழகம் அவருக்குக் கமிஷன் தருகிறது. கமிஷன் தராத இடம் அவர் வாயில் வராது. நெதர்லாந்தின் லைடன், ஜெனீவாவின் பட்டமேற்படிப்பு நிறுவனம், கேம்பிரிட்ஜ் என்று இந்தத் துறையில் மதிக்கப்படும் இடங்களின் பெயரை அவர் ஒருமுறையாவது சொன்னாரா? ‘50 சதவீத ஸ்காலர்ஷிப்’ என்று அவர் காட்டும் தாளில் இருப்பது பல நேரம் எல்லோருக்கும் தரும் கட்டணத் தள்ளுபடிதான். இன்னொரு பொறி, வங்கி இருப்பு. மாணவர் விசாவுக்கு உங்கள் கணக்கில் பணம் 28 நாள் தொடர்ந்து இருக்க வேண்டும். ‘பணம் நாங்கள் போட்டுக் காட்டுகிறோம், வட்டி மட்டும் கொடுங்கள்’ என்பார்கள். பொய்யான ஆவணம் என்று பிடிபட்டால் பத்து ஆண்டு பிரிட்டனுக்குள் நுழையத் தடை வரும். தடை உங்கள் மகளுக்கு. ஏஜென்ட் அடுத்த பெண்ணுக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருப்பார். படித்து முடித்து அங்கேயே வேலை தேடிக் கடனை அடைக்கலாம் என்ற கணக்கும் இறுகிவருகிறது. தங்கி வேலை தேடும் இரண்டு ஆண்டு அனுமதி, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். இங்கிலாந்தில் சொலிசிட்டர் (அங்குள்ள ஒருவகை வழக்கறிஞர்) ஆக எல்.எல்.எம். மட்டும் போதாது, தனித் தகுதித் தேர்வு எழுத வேண்டும்.

சரி, படிக்கத்தான் வேண்டும் என்றால் எப்படித் தேர்ந்தெடுப்பது? சர்வதேசச் சட்டம் ஒரே படிப்பு இல்லை. கடல் சட்டம், முதலீட்டுத் தகராறு, போர்க்காலச் சட்டம், அகதிகள், வர்த்தகம் என்று தனித்தனி உலகங்கள். எது வேண்டும் என்று உங்கள் மகள் முதலில் சொல்லட்டும். பிறகு பல்கலைக்கழகப் பக்கத்தில் அந்தப் பாடம் அடுத்த ஆண்டு உண்மையாகவே நடக்கிறதா, நடத்துபவர் யார், அவர் விடுப்பில் போகிறாரா என்று துறைக்கு ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள். பட்டியலில் 60 பாடம் இருக்கும், நடப்பது 20 ஆக இருக்கும்.

ஒருவேளை அவளுக்குக் கடல் சட்டம் பிடித்தால் உங்கள் பக்கத்து ஊரே பெரிய பாடம். 2013-இல் ‘சீமேன் கார்டு ஓஹையோ’ என்ற கப்பலை ஆயுதங்களோடு தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து 35 பேரைக் கைது செய்தார்கள். கப்பல் எந்த எல்லைக்குள் நின்றது, எரிபொருள் தீர்ந்து ஒதுங்கியதா, அந்தக் கடற்பரப்பில் நம் ஆயுதச் சட்டம் பாயுமா என்பதெல்லாம் அசல் சர்வதேசச் சட்டக் கேள்விகள். கீழமை நீதிமன்றம் தண்டித்தது, 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை எல்லோரையும் விடுவித்தது. கப்பல்களைச் சிறைபிடிப்பது தொடர்பான 2017 அட்மிரால்டி சட்டம் வந்தபிறகு சென்னை உயர் நீதிமன்றத்தில் இந்த வேலைக்கு ஆள் தேவைப்படுகிறது. கச்சத்தீவுக்கான 1974, 1976 ஒப்பந்தங்களை மேடையில் பேசுகிறவர்கள் ஏராளம், உட்கார்ந்து படித்தவர்கள் குறைவு. இந்த வேலைகளுக்கு லண்டன் முத்திரையைவிட, ஒரு நல்ல சீனியரிடம் இரண்டு வருடம் இருந்த அனுபவம் அதிகம் உதவும்.

குறைந்த செலவில் வழி கேட்டால் இருக்கிறது. சென்னையில் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் சர்வதேசச் சட்டத்துக்குத் தனி எல்.எல்.எம். பிரிவு உண்டு. டில்லியில் சார்க் நாடுகள் சேர்ந்து நடத்தும் தெற்காசியப் பல்கலைக்கழகத்தின் எல்.எல்.எம்.மே சர்வதேசச் சட்டத்தை மையமாகக் கொண்டது. இரண்டும் ஈராண்டுப் படிப்புகள், சமநிலைத் தலைவலி கிடையாது. நெதர்லாந்தின் ஹேக் நகரில், அமைதி மாளிகையில் சர்வதேசச் சட்ட அகாடமி ஒவ்வொரு கோடையிலும் மூன்று வாரப் படிப்பு நடத்துகிறது, அதற்கு உதவித்தொகையும் தருகிறார்கள். ஐ.நா.வின் ஒலி-ஒளி நூலகத்தில் உலகின் பெரிய பேராசிரியர்களின் விரிவுரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் மகள் இன்று மாலையே ஒன்றைக் கேட்கலாம். சர்வதேச நீதிமன்றத்தின் அலுவல் மொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும்; ஆகவே சென்னையிலோ புதுச்சேரியிலோ அலியான்ஸ் பிரான்சேஸில் பிரெஞ்சு தொடங்கச் சொல்லுங்கள். அந்தச் செலவு வீண் போகாது.

வெளிநாடுதான் என்று முடிவானால், ஒன்றிரண்டு வருடம் தள்ளிப் போடுங்கள். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்கிறார்கள். ஜூனியராக வேலை பார்க்கும்போதே அது சேரும். பட்டியல் சாதியினர் உள்ளிட்ட சில பிரிவினருக்கு மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இதையெல்லாம் விசாரித்து முடித்தபிறகே வங்கிக் கடன்.

காத்திருக்கும் அந்தக் காலத்தில் மதிப்பெண் டிரான்ஸ்கிரிப்டுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். நம் பல்கலைக்கழகங்களில் ஒரு முத்திரை போட்ட உறைக்கு மாணவர்கள் மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கிறது, இதைக் கேட்க ஆளில்லை. சான்றிதழ் வெளிநாட்டில் செல்லுபடியாக இடும் அப்போஸ்டில் முத்திரை தேவைப்பட்டால் முதலில் மாநில அரசின் சான்றுறுதி, பிறகு வெளியுறவு அமைச்சகம். அமைச்சகத்தின் கட்டணம் ஆவணத்துக்கு 50 ரூபாய், சேவைக் கட்டணம் தனி. இதற்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள், கொடுக்காதீர்கள். அந்த முத்திரையே 1961 ஹேக் உடன்படிக்கையால் வந்தது, இந்தியாவில் அது 2005-இல் அமலுக்கு வந்தது. உங்கள் மகளே நேரில் போய் வாங்கிவரட்டும். படிக்கப்போகும் சட்டம் கவுன்டரில் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துக்கொள்வாள்.