கம்பியில குத்தி வெச்ச கடிதங்கள என்ன பண்றது?

கேள்வி: மேற்கு மாம்பலத்துல எங்க பழைய வீட்ட இடிச்சு பிளாட் கட்ட பில்டர்கிட்ட குடுத்திருக்கோம். பரண காலி பண்ணும்போது ரெண்டு கம்பி நிறைய கடிதம் கிடைச்சுது. 1942ல குண்டு பயத்துல பாட்டியையும் பசங்களையும் கும்பகோணத்துக்கு அனுப்பிட்டு தாத்தா மட்டும் இங்க வேலைல இருந்தப்ப ரெண்டு பேரும் மாத்தி மாத்தி எழுதினது. பெருசா ஒண்ணும் இல்ல, அரிசி விலை, வாடகை, பசங்களுக்கு ஜுரம், இவ்ளோதான். அண்ணன் ஆளுக்குக் கொஞ்சம் பிரிச்சுக்கலாம்ங்கறார். தம்பி ஸ்கேன் பண்ணிட்டு பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடலாம்ங்கறான். 86 வயசு அத்தை, கடன் விஷயம் இருக்குன்னு நாலு கடிதத்த எரிக்கச் சொல்றாங்க. என்ன பண்றது?

பதில்: பிரிக்காதீங்க, போடாதீங்க, எரிக்கவே எரிக்காதீங்க. பெருசா ஒண்ணும் இல்லன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கதான் எனக்கு மனசு பதறுது. 1942 ஏப்ரல்ல ஜப்பான்காரன் விசாகப்பட்டினத்துல குண்டு போட்டதும் மெட்ராஸே காலியாச்சு, அவசியம் இல்லாதவங்க ஊர விட்டுப் போங்கன்னு அரசாங்கமே சொல்லிச்சு. அந்த உத்தரவெல்லாம் எழும்பூர் ஆவணக் காப்பகம் மாதிரி இடத்துல தேடலாம், ஆனா காலியான தெருவுல தனியா இருந்த ஒரு மனுஷன் அன்னிக்கு என்ன சாப்ட்டார், வாடகை எவ்ளோ குறைஞ்சுது, ஊர்ல இருந்த பொண்டாட்டி காசுக்கு என்ன பண்ணாங்கன்னு எந்த சர்க்கார் ஃபைல்லயும் இருக்காது, உங்க கம்பிலதான் இருக்கு. அதுவும் ரெண்டு பக்கக் கடிதமும் சேர்ந்து கிடைக்கறது ரொம்ப அபூர்வம். பொதுவா ஒருத்தர் எழுதினது இருக்கும், அதுக்கு வந்த பதில் இருக்காது. அதனாலதான் பிரிக்க வேணாம்ங்கறேன்.

கம்பியில அடில இருக்கறது பழசு, மேல இருக்கறது புதுசு, அந்த வரிசையே ஒரு தகவல். அதனால எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு கம்பியையும் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கோங்க. துருப்பிடிச்ச கம்பிய இழுத்தா ஓட்டையச் சுத்தி காகிதம் பொடிப்பொடியா வந்துடும், மேல இருக்கற கொக்கிய பிளையர்ல நறுக்கிட்டு ஒவ்வொண்ணா மெதுவா மேல தூக்குங்க, எடுக்க எடுக்க பின்னாடி ஓரத்துல மெத்துனு இருக்கற பென்சில்ல நம்பர் போடுங்க, பேனா வேணவே வேணாம். கார்டுல முகவரிப் பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்க, தேதி போடாத கடிதத்துக்கு தபால் முத்திரைதான் சாட்சி, மூலைல மஞ்சள் தடவியிருந்தா அதுவும் தெரியணும், அது நல்ல சேதி வந்த கடிதம்.

கிழிஞ்சிருக்கேன்னு செல்லோடேப் ஒட்டாதீங்க, அந்தப் பசை நாளாக நாளாக பழுப்பா காகிதத்துக்குள்ள இறங்கிடும். லேமினேஷன் அதவிட மோசம், ஒரு தடவ போட்டா திரும்பப் பிரிக்க முடியாது. நியூஸ்பேப்பர்ல சுத்தாதீங்க, அதுல இருக்கற அமிலம் கடிதத்துக்கும் ஏறும். பாலிதீன் பைல கட்டினா நம்ம ஊர் புழுக்கத்துக்கு உள்ள வேர்த்துப் பூஞ்சை வந்துடும். ஆசிட் ஃப்ரீ பேப்பர் ஆன்லைன்ல கிடைக்குது, இல்லன்னா கஞ்சி போகத் துவைச்ச பழைய காட்டன் துணி போதும். பீரோல நடுத் தட்டுல வைங்க, கீழ் தட்டு வேணாம், 2015 டிசம்பர் வெள்ளத்துல தரைத்தளத்துல இருந்தவங்க ஆல்பமும் சர்டிபிகேட்டும் என்ன ஆச்சுன்னு நாம பாத்தோம்.

தம்பி சொல்ற ஸ்கேன் நல்ல யோசனைதான், அண்ணன் கேக்கற பங்கும் அதுலயே தீந்துடும், ஆளுக்கு ஒரு ஃபுல் காப்பி குடுத்துடுங்க. ஆனா ஒரிஜினல் ஒரே கட்டா ஒரு இடத்துக்குப் போகட்டும். தரமணில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கு, கோட்டையூர்ல ஒரு தனி மனுஷர் சேத்து வெச்ச புத்தகத்துலயும் பேப்பர்லயும் இருந்து 1994ல வந்த நூலகம் அது, முதல்ல அங்க கேட்டுப் பாருங்க. டெல்லி தேசிய ஆவணக் காப்பகமும் தனியார் காகிதங்கள வாங்கி வெச்சிருக்கு. உ.வே.சா. தனக்கு வந்த கடிதங்கள பத்திரமா வெச்சதாலதான் அந்தக் காலத்துத் தமிழறிஞர்கள் அவருக்கு என்ன எழுதினாங்கன்னு இன்னிக்கு நாம படிக்க முடியுது. எங்க குடுத்தாலும் வாய் வார்த்தையா குடுக்காதீங்க, எழுத்துல ஒப்பந்தம் போடுங்க, கடிதத்துல இருக்கற எழுத்தோட காப்புரிமை எழுதினவங்க வாரிசுகளோடது, அதனால வாரிசுங்க எல்லாரும் கையெழுத்துப் போடணும்.

அத்தையோட பயம் நியாயம்தான், கடன்பட்டவர் குடும்பம் இன்னும் இருக்கும் இல்லையா. அந்த நாலையும் தனி கவர்ல போட்டு ஒட்டி, இத்தன வருஷத்துக்கு யாரும் பிரிக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே நிபந்தனை எழுதச் சொல்லுங்க, காப்பகங்கள்ல இது வழக்கத்துல இருக்கறதுதான். வருஷத்த அத்தையே முடிவு பண்ணட்டும்.

பில்டர் தேதிக்கு முன்னாடி இன்னொண்ணு செய்யுங்க. கடிதத்துல அம்பி, குஞ்சுன்னு செல்லப் பேரா வரும், அது யாருன்னு இப்ப உங்க வீட்டுல அத்தைக்கு மட்டும்தான் தெரியும், ஜுரம் வந்த குழந்தையே அவங்களா இருக்கலாம். ஒவ்வொரு கடிதமா அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க, அவங்க சொல்றத போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க, மறக்காம கடித நம்பரையும் சொல்லிட்டு ஆரம்பிங்க. களைப்பாயிடும், ஒரு நாளைக்கு அஞ்சாறு கடிதத்துக்கு மேல வேணாம்.