எதன் மேல் சதவீதம்? வாசகர் கணக்குகளுக்குப் பதில்

கே: 20 சதவீதத் தள்ளுபடி, அதற்கு மேல் இன்னொரு 10 என்றார்கள். பில்லில் 30 குறையவில்லையே?

குறையாது. 1,000 ரூபாய்த் துணியில் 200 போனால் 800. அடுத்த 10 சதவீதம் அந்த 800-க்குத்தான். 80 போக 720. ஆகத் தள்ளுபடி 28. சதவீதம் என்றதும் 'எதன் மேல்?' என்று கேளுங்கள்.

கே: வரி உட்பட மிக்ஸி 5,900 ரூபாய். 18 சதவீதம் கழித்தால் 4,838 வருகிறது; பில்லில் 5,000 என்று இருக்கிறது. ஏமாற்றா?

பில் சரிதான். வரி 5,000-இன் மேல் போட்டது, 5,900-இன் மேல் அல்ல. கழிக்காதீர்கள், 1.18-ஆல் வகுங்கள்.

கே: 2 பவுன் செயின் என்ன விலை வரும்?

கிராம் விலையும் எழுதவில்லை, சேதாரமும் எழுதவில்லை. பிறகு எதை வைத்துப் போடுவது? வழியைச் சொல்கிறேன். 16 கிராமுக்குச் சேதாரம் 10 சதவீதமானால் 1.6 கிராம், மொத்தம் 17.6. அதை அன்றைய 22 காரட் கிராம் விலையால் பெருக்குங்கள். செய்கூலி தனியாக இருந்தால் கூட்டி, கடைசியில் 3 சதவீதம் ஜிஎஸ்டி. கல் வைத்த நகையானால் கல் எடையை முதலிலேயே கழித்துவிட வேண்டும். இல்லையேல் கல்லுக்கும் தங்க விலை கொடுத்து, அதன் மேல் சேதாரமும் கொடுப்பீர்கள்.

கே: ஒரு லட்சம் கடன், 12 சதவீத ஃபிளாட் வட்டி, மாதம் 9,333 வீதம் 12 தவணை. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிதானே, வாங்கலாமா?

இது ஒரு ரூபாய் வட்டி அல்ல. மாதாமாதம் இதே கேள்வி வருகிறது, இதிலேதான் குடும்பங்கள் பணத்தை விடுகின்றன. மறுபடியும் கேட்கிறேன்: எதன் மேல் 12? முழு லட்சத்தின் மேல், ஆண்டு முழுக்க. ஆனால் முழு லட்சம் உங்கள் கையில் இருப்பது முதல் மாதம் மட்டுமே. மாதம் 8,333 அசல் குறைந்து, கடைசி மாதத்தில் நிற்பது அந்த 8,333-தான். முதலையும் கடைசியையும் கூட்டிப் பாதியாக்கினால் சராசரி நிலுவை 54,000 சொச்சம். அதற்கு 12,000 ரூபாய் வட்டி என்றால் சுமார் 22 சதவீதம். துல்லியமாகப் போட்டால் 21.5, மாதத்துக்கு நூற்றுக்கு 1.80-ஐ ஒட்டி வருகிறது.

குறையும் நிலுவையின் மேல் 12 சதவீதமென்றால் தவணை 8,885, மொத்த வட்டி சுமார் 6,600. செயல்முறைக் கட்டணமென்று முன்கூட்டியே 2,000 பிடித்துக்கொண்டு 98,000 கொடுத்தால், ஃபிளாட் கடனின் உண்மை வட்டி 25-ஐத் தாண்டிவிடும். கையெழுத்துப் போடும்முன் 'ஃபிளாட்டா, குறையும் நிலுவையா?' என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். சதவீதத்தை விடுங்கள், கைக்கு வருவது எவ்வளவு, மொத்தமாகக் கட்டுவது எவ்வளவு என்று இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

கே: போகும்போது 40 கிமீ வேகம், திரும்பும்போது 60. சராசரி 50-தானே?

48. 120 கிமீ தூரமென்று வைத்துக்கொள்ளுங்கள். போக 3 மணி, வர 2 மணி. 240-ஐ 5-ஆல் வகுங்கள்.

கே: தண்ணீர்த் தொட்டி 6 x 4.6 x 5. எத்தனை லிட்டர்?

4.6 என்பது 4 அடி 6 அங்குலமா? அப்படியானால் அது 4.5 அடி. அலகை எழுதுங்கள் என்று எத்தனை முறை சொல்வது! உள்ளளவு 6, 4.5, 5 அடி என்றால் 135 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர், சுமார் 3,820. வழிகுழாய் மேலிருந்து அரை அடி கீழே இருந்தால் ஆழத்தை 4.5 என்று போடுங்கள், 3,440-தான் நிற்கும். சுவரின் வெளிப்புறத்தில் டேப் பிடித்து அளந்திருந்தால், திரும்ப அளந்துவிட்டு எழுதுங்கள்.