"முகம் டல்லா இருக்கு" என்று சொன்னால்?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு ஸ்டூடியோவில் இரண்டு வருடமாக உதவியாளராக இருக்கிறேன். தறி நெய்யும் என் பெரியம்மாவை வெள்ளைத் திரைக்கு முன் உட்கார வைத்து எடுத்த படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நண்பர்கள் "சூப்பர்" என்றார்கள். சீனியர் ஒருவர் "முகம் டல்லா இருக்கு, கலர் ஏத்து" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மனசு விட்டுப்போச்சு. இதற்கிடையில், புதிதாகச் சேர்ந்த பையன் தன் படங்களைக் காட்டி என்னிடம் கருத்துக் கேட்கிறான். என்ன சொல்வது?
- பெயர் வேண்டாம், சேலம்

பதில்: தம்பி, பெரியம்மாவின் படத்தை ராத்திரி ஒரு முறை, காலையில் ஒரு முறை பார்த்தேன். உதட்டோரம் அடக்கிய அந்தச் சிரிப்பு அருமை. உங்களை நம்பி உட்கார்ந்திருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிகிறது.

"கலர் ஏத்து" என்பதை நான் ஏற்கவே மாட்டேன். பெரியம்மாவின் நிறம் படத்தின் குறை இல்லை. ஆனால் சீனியரின் கண்ணை ஏதோ உறுத்தியிருக்கிறது. சரியான சொல் கிடைக்காமல் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். அது என்ன என்று நீங்கள்தான் தேட வேண்டும்.

நானும் தேடினேன். படத்தில் பாதிக்கு மேல் வெள்ளைத் திரை. ஆட்டோ மோடில் விட்டால் கேமரா அந்த வெள்ளையைப் பார்த்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், அடி வாங்குவது முகம். கேமராவின் மீட்டரில் முகத்தின் வெளிச்சத்தை மட்டும் அளந்து பாருங்கள். கறுத்த தோலையும் கேமரா வெளுக்க வைத்து நடுச்சாம்பலாக்கத்தான் பார்க்கும் என்பதால், அப்புறம் அரை ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து, நிறம் உள்ளபடி வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது விளக்கு. ரொம்ப உயரத்தில் இருக்கிறது. கண்குழியில் நிழல், கண்ணில் வெளிச்சப் புள்ளியே இல்லை. சாஃப்ட்பாக்ஸை, அதாவது வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி விளக்கை, கொஞ்சம் இறக்கி, பக்கவாட்டில் 45 டிகிரியில், முடிந்த அளவு கிட்டத்தில் வையுங்கள். மறுபக்கம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க ஒரு தெர்மாகோல் போதும். கறுத்த தோலின் வடிவத்தை எடுத்துக்காட்டுவது பெரும்பாலும் அதன் மேல் படியும் பளபளப்புதான். செவ்வாய்ப்பேட்டைக் கடைகளுக்கு வெள்ளிக் கொலுசைப் படமெடுத்திருந்தால் இது உங்களுக்குக் கைவந்த விஷயம்.

"சூப்பர்" என்றவர்களிடம், "முதலில் கண் எங்கே போச்சு?" என்று கேளுங்கள். நெற்றியா, திரையா என்று சொல்லிவிடுவார்கள். அது உதவும்.

இனி அந்தப் பையன். பல வருடம் முன்பு என் உதவியாளரிடம், வாடிக்கையாளர் எதிரிலேயே, "இது பாஸ்போர்ட் போட்டோ மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு வெகுநாள் அவர் எனக்கு ஒரு படமும் காட்டவில்லை. தோளைச் சற்றுத் திருப்பச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். இன்றும் அது எனக்கு வருத்தம்தான்.

அதனால் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். என்ன நினைத்து எடுத்தான் என்று முதலில் கேளுங்கள். அப்புறம் படத்தில் விரல் வைத்து ஓர் இடம், மிஞ்சினால் இரண்டு இடம் காட்டுங்கள். படத்தில் இருப்பவரின் உருவத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம். "மூக்கு பெரிசா இருக்கு" என்பதை விட்டுவிட்டு, "35 எம்எம் லென்ஸில் இவ்வளவு கிட்டப் போகாதே, பின்னால் நகர்ந்து 85 எம்எம் லென்ஸில் எடு" என்று சொல்லுங்கள். அவனால் நாளைக்கே செய்ய முடியும்.

ஆடியில் கல்யாண ஆர்டர் இருக்காது, ஸ்டூடியோ சும்மாதான் கிடக்கும். பெரியம்மாவை இன்னொரு முறை உட்கார வையுங்கள், தெர்மாகோலை அந்தப் பையனே பிடிக்கட்டும். பழைய படத்தை அழித்துவிடாதீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து அந்தச் சீனியரிடமே காட்டுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.