கொசு பேட்: வாங்கும்போதும் வீசும்போதும்

கொசு பேட் பற்றி வந்த கேள்விகளைத் தனித்தனியாகப் போடாமல் இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒரே கேள்வியாக்கிவிட்டேன்.

கேள்வி: கடையில் இரண்டு கொசு பேட் எடுத்துக் காட்டினார்கள். ஒரு பெட்டியில் 2000 வோல்ட், இன்னொன்றில் 4000 வோல்ட் என்று போட்டிருந்தது. வோல்ட் கூடியதுதான் நல்லதா? வேறு எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: அந்த எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். வீட்டில் அதை யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை என்பது பெட்டி அச்சடிப்பவருக்கும் தெரியும்.

பேட்டுக்குள் நடப்பது இதுதான். கைப்பிடியில் 4 வோல்ட் அளவில் ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது. பட்டனை அமுக்கினால், ஒரு சர்க்யூட் அந்த மின்சாரத்தை மிக வேகமாக நிறுத்தி நிறுத்தி ஓடவைக்கிறது. கட்டைவிரல் நுனி அளவு டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று அதைச் சில நூறு வோல்ட்டுக்கு ஏற்றுகிறது. அதன்பின் டயோடும் கெப்பாசிட்டரும் சேர்ந்து ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் கொண்டுபோகின்றன. கடைசியில் எல்லாம் ஒரு கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கிறது. இரண்டு கம்பிகளுக்கு நடுவே கொசு வந்து விழுந்ததும், அதன் உடம்பு வழியாகத் தேங்கியது மொத்தமும் ஒரே மூச்சில் பாய்கிறது. ‘பட்’ என்ற சத்தம் அதுதான். ஆகவே எத்தனை வோல்ட் என்பதோடு, எவ்வளவு தேங்குகிறது என்பதும் சேர்ந்துதான் அடியின் பலம். இரண்டாவதைப் பெட்டியில் யாரும் போடுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. வோல்ட்டை ஏற்ற ஏற்ற கம்பிகளை விலக்கி வைத்தாக வேண்டும். இல்லையென்றால் கொசு இல்லாமலே காற்றிலேயே பொறி பறக்கும். கம்பிகள் விலகினால் சின்னக் கொசு எதிலும் படாமல் நுழைந்து போய்விடும். பெரிய எண் போட்ட பேட்டில் கொசு தப்புவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

நான் முதலில் பார்ப்பது வலையை. ஒற்றை அடுக்கு வலையில் அடுத்தடுத்த கம்பிகள் எதிரெதிர் முனைகள். கொசு எளிதில் மாட்டும், விரலும் அதே அளவு எளிதில் மாட்டும். மூன்றடுக்கு வலையில் வெளி இரண்டும் ஒரே முனை, நடுவில் இருப்பது மற்றொன்று. வெளி வலையை மட்டும் தொட்டால் ஷாக் அடிக்காது. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இதுதான். ஆனால் வெளி வலையின் கண்கள் ரொம்பப் பொடியாக இருந்தால் ஈ உள்ளே போகாமல் வெளியிலேயே மோதி நிற்கும். பெரிதாக இருந்தால் குழந்தையின் சுண்டுவிரல் உள்ளே போகும். நடுத்தரமாகப் பாருங்கள்.

கடையில் நிற்கும்போதே, சுவிட்ச் போடாமல், வெளி வலையைக் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். உள்ளே பள்ளம் விழுந்து நடு வலையைத் தொடுகிறதென்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஒரு தடவை கீழே விழுந்தால் அது ஷார்ட் ஆகிவிடும். பிறகு பேட்டைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, வெளிச்சத்துக்கு எதிரே விளிம்பு வழியாகப் பாருங்கள். வலைகளுக்கு இடையே உள்ள இடைவெளி ஓரத்திலிருந்து நடு வரை ஒரே சீராக இருக்க வேண்டும்.

அடுத்தது சுவிட்ச். ஒரு நழுவு சுவிட்ச், அதோடு தனியாக ஒரு பட்டன், பட்டனை அமுக்கியிருக்கும் வரை மட்டும் மின்சாரம் என்ற அமைப்பு நல்லது. சுவிட்சைத் தள்ளிவிட்டாலே ஓடிக்கொண்டிருக்கும் வகையை நான் வாங்கமாட்டேன். மறந்து சோபாவில் போட்டுவிட்டு அதன் மேலேயே உட்காருகிற ஆள் எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டு.

சார்ஜ் போடும் விதத்தையும் பாருங்கள். கைப்பிடியின் அடியிலிருந்து முள் வெளியே வந்து நேரடியாகச் சுவர் பிளக்கில் செருகும் வகைகளில், பல மலிவான மாடல்களுக்குள் வீட்டு மின்சாரத்தைப் பிரித்து வைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. செருகியிருக்கும் நேரம் முழுக்க உள்ளே இருப்பதெல்லாம் வீட்டு லைனோடு சேர்ந்ததுதான். அதனால் சார்ஜில் இருக்கும்போது பட்டனைத் தொடவே கூடாது. வலையையும் தொடக் கூடாது. தரமான அடாப்டரோடு யுஎஸ்பி வயரில் சார்ஜ் ஆகும் வகை இந்த விஷயத்தில் மேல். கைப்பிடியில் ஸ்குரூ இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டி மூடியதென்றால் பேட்டரி போன அன்றைக்கே பேட்டும் போச்சு.

கேள்வி: வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை, சார்ஜ் நிற்பதில்லை. கேட்டால் பேட்டரிக்கு வாரன்ட்டி கிடையாது என்கிறார்கள். இது சரியா?

பதில்: முதலில் வாரன்ட்டி அட்டையை எடுத்து முழுதாகப் படியுங்கள். பேட்டரிக்குப் பொருந்தாது என்று அதில் அச்சிட்டிருந்தால் பெரிதாகச் செய்ய ஒன்றுமில்லை. அச்சிடவில்லை என்றால், பேட்டரி அந்தப் பொருளோடு சேர்ந்த பகுதிதானே என்று கேளுங்கள். கடைக்காரர் வாயால் சொல்வதை வைத்துத் திரும்பி வராதீர்கள். எழுத்தில் கேளுங்கள். அடுத்த முறை வாங்கும்போது பில்லிலேயே ‘பேட்டரி உட்பட’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அதுவே பதில்.

ஆனால் பேட்டரி சாவதற்குப் பாதிக் காரணம் நாம்தான். மலிவான பேட்களில் பெரும்பாலும் ஈய அமில பேட்டரி இருக்கும். காலியான நிலையில் கிடந்தால் அதன் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும், அதன்பின் எவ்வளவு நேரம் செருகி வைத்தாலும் ஏறாது. என் வீட்டில் ஒரு பேட் கட்டிலுக்கு அடியில் நான்கு மாதம் கிடந்து அப்படித்தான் போனது. குறை சொல்ல ஆள் தேடினேன், என்னைத் தவிர யாரும் கிடைக்கவில்லை. பயன்படுத்தாவிட்டாலும் மாதம் ஒரு முறை சார்ஜ் போடுங்கள். நேர்மாறாக, பெட்டியில் சொன்ன நேரத்தைத் தாண்டி நாள் முழுக்கச் செருகி வைப்பதும் தப்பு. நிறைந்ததும் தானே நிற்கும் வசதி மலிவான சர்க்யூட்டில் பெரும்பாலும் இருக்காது, பேட்டரி சூடேறி உப்பிவிடும். செத்த பேட்டரியைக் குப்பையோடு போட வேண்டாம், உள்ளே ஈயம் இருக்கிறது. மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

கேள்வி: எவ்வளவு வேகமாக வீசினாலும் கொசு தப்பிவிடுகிறது. ஈ சிக்குவதே இல்லை, சிக்கினாலும் கொஞ்ச நேரத்தில் எழுந்து பறக்கிறது. பேட்டில் கோளாறா?

பதில்: வேகமாக வீசுவதுதான் கோளாறு. கையால் அடித்தால், கைக்கு முன்னால் தள்ளப்படும் காற்றே கொசுவை ஒதுக்கிவிடுகிறது. வலையில் ஓட்டை இருப்பதால் காற்று ஊடே போய்விடும், கொசு இருந்த இடத்திலேயே இருக்கும். அந்தச் சௌகரியத்தை வைத்துக்கொண்டு ஷட்டில் ஆடுவதுபோல் வீசினால் என்ன பயன்? பட்டனை அமுக்கியபடி, கொசு போகும் வழியில் பேட்டை மெதுவாகக் குறுக்கே கொண்டு போங்கள். சுவரில் உட்கார்ந்திருந்தால் சுவரில் அடிக்காதீர்கள். இரண்டு விரல் தள்ளிப் பேட்டைப் பிடியுங்கள், கொசு தானே எழும்பி வலைக்கு வரும்.

எங்கே தேடுவது என்பதும் முக்கியம். பகலில் கணுக்காலைச் சுற்றிக் கடிப்பது பெரும்பாலும் உடம்பில் வெள்ளைப் புள்ளியும் காலில் வரியும் உள்ள ஏடிஸ். அது மேசைக்கு அடியில், திரைச்சீலைக்குப் பின்னால், தொங்கவிட்ட கறுப்புத் துணிகளுக்கு நடுவில் ஓய்வெடுக்கும். இருட்டிய பிறகு காதருகே பாடுவது வேறு ரகம், கியூலெக்ஸ் அல்லது அனோஃபிலிஸ்.

ஈ விஷயம் வேறு. நம் கண்ணுக்கு ஒரு விளக்கு விநாடிக்கு சுமார் 60 முறை அணைந்து எரிந்தாலே தொடர்ந்து எரிவதுபோலத் தெரியும். ஈயின் கண் சுமார் 250 முறை வரை பிரித்துப் பார்க்கும். நீங்கள் வீசுகிற வீச்சு அதற்கு யாரோ சாவகாசமாகக் கை நீட்டுவதுபோலத்தான். அதனால் ஈ பறக்கும்போது துரத்த வேண்டாம். உட்கார்ந்த பிறகு மேலிருந்து மெல்ல மூடுங்கள். உடம்பு பெரிது என்பதால் ஒரே ‘பட்’டில் மயங்கி விழும், சாகாது. வலையில் ஒட்டியிருக்கும் வரை இன்னும் இரண்டு மூன்று விநாடி பட்டனை விடாமல் பிடியுங்கள். குளவி, தேனீ பக்கம் இந்தப் பேட்டோடு போகாதீர்கள். பாதி அடிபட்ட குளவி உங்களைச் சும்மா விடாது.

கேள்வி: ஸ்டாண்டில் நிறுத்தி ஊதா விளக்கைப் போட்டுவிட்டால் இரவெல்லாம் தானாகவே கொசுவைக் கொல்லும் என்று ஒரு மாடல் விற்கிறார்கள். விலை கூட. வாங்கலாமா?

பதில்: அந்த விளக்குக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். இதே ஊதா விளக்குத் தத்துவத்தில் வீட்டுத் தோட்டங்களில் தொங்கவிட்ட மின்சாரப் பூச்சிப் பொறிகளை அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து 1996-இல் வெளியிட்டார்கள். ஒரு கோடைக்காலத்தில் விழுந்த 13,789 பூச்சிகளை எண்ணிப் பார்த்ததில், கொசு போன்ற கடிக்கும் பூச்சிகள் 31 தான். மற்றவை வண்டு, விட்டில், நீர்ப்பூச்சி என்று யாரையும் கடிக்காத அப்பாவிகள்.

காரணம் எளிது. கடிக்க வரும் பெண் கொசு வெளிச்சத்தைத் தேடி வருவதில்லை. நாம் விடும் மூச்சில் உள்ள கரியமில வாயு, உடம்புச் சூடு, வியர்வை வாசனை ஆகியவற்றைத்தான் தேடி வருகிறது. மூடிய இருட்டு அறையில் விளக்குக்கு ஒன்றிரண்டு போகலாம். ஆனால் பக்கத்திலேயே நீங்கள் மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருக்கிறீர்களே.

கேள்வி: பட்டனை விட்ட பிறகும் வலையைத் தொட்டபோது சுளீர் என்று அடித்தது. ஆபத்தா? வீட்டில் குழந்தை இருக்கிறது. கொசு ஸ்ப்ரேயும் அடிக்கிறோம்.

பதில்: மூன்று விஷயம் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் இருப்பதுதான் பெரியது, அதை முதலில் சொல்கிறேன். ஸ்ப்ரே அடித்த அறையில் பேட்டை எடுக்கவே கூடாது. டின்னிலிருந்து மருந்தைத் தள்ளிவிட பியூட்டேன், புரோப்பேன் போன்ற எரிவாயுக்களைத்தான் பெரும்பாலும் அடைக்கிறார்கள். சமையல் காஸும் அதே இனம்தான். பேட் செய்யும் வேலையே பொறி உண்டாக்குவது. இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தால் குப்பென்று பற்றிக்கொள்ளும். ஜன்னலைத் திறந்து வாசனை முழுதும் போன பிறகு எடுங்கள். அடுப்படியில் காஸ் வாசனை, புதிதாக அடித்த பெயின்ட், தின்னர், கையில் காயாத சானிடைசர், எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

பட்டனை விட்ட பின் அடித்தது கெப்பாசிட்டரில் மிச்சமிருந்த சார்ஜ். அதை வடித்துவிட ஒரு மின்தடையை வைப்பார்கள். நல்ல பேட்டில் ஒன்றிரண்டு விநாடியில் வடிந்துவிடும். உங்களுடையதில் அது இல்லை, அல்லது பழுதாகியிருக்கிறது. சோதிக்க, பட்டனை விட்டு ஐந்து விநாடி கழித்து, பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்குரூடிரைவரின் உலோகப் பகுதியை இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொடும்படி வையுங்கள். பொறி வந்தால், புதிதாக இருந்தால் மாற்றிக் கேளுங்கள், பழையதென்றால் தூக்கிப் போடுங்கள்.

ஆரோக்கியமான பெரியவருக்கு இந்த ஷாக் வலிக்கும், அவ்வளவுதான். தேங்கும் மின்சாரத்தின் அளவு மிகக் குறைவு. ஆனால் இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் தொடவே வேண்டாம். ஸ்டூலில் ஏறி நின்று அடிக்கும்போது திடுக்கிட்டு விழுவதுதான் மற்றவர்களுக்கு நிஜமான ஆபத்து. குழந்தைக்கு விளையாட்டு மட்டைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது, எட்டாத உயரத்தில் ஆணியில் மாட்டுங்கள்.

கேள்வி: சாப்பாட்டு மேசை மேல் ஈயை இதால் அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். தொங்கவிடும் மின்சாரப் பூச்சிப் பொறியில் ஈ சிதறும்போது அதன் மேல் ஒட்டியிருந்த பாக்டீரியாவும் வைரஸும் சுற்றிலும் தெறிப்பதை கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். அது தொங்கும் பொறி, நம்முடையது கைப்பேட். ஆனாலும் சிதறுவது அதே ஈதான். பாத்திரங்களை மூடுங்கள், ஈயை மேசையை விட்டு விரட்டிய பிறகு அடியுங்கள்.

கேள்வி: தினமும் இருபது முப்பது கொசு அடிக்கிறேன், குறையவே இல்லை. இரண்டாவது பேட் வாங்கலாமா?

பதில்: ஒரு பெண் ஏடிஸ் ஒரு தடவைக்கு நூறு முட்டை வரை இடும். தண்ணீர் கிடைத்தால் ஏழு முதல் பத்து நாளில் அவை கொசுவாகி எழும்பும். இந்தக் கணக்கில் உங்கள் கை ஜெயிக்காது. கண் முன்னால் பறக்கும் அந்த ஒரு கொசுவுக்குத்தான் பேட். இரண்டாவது பேட்டுக்கு வைத்திருக்கும் பணத்தை ஜன்னல் வலைக்குப் போடுங்கள். பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டு, ஏசி தண்ணீர் சொட்டும் வாளி, மாடியில் கவிழ்க்காமல் விட்ட டப்பா ஆகியவற்றை வாரம் ஒரு தடவை கொட்டுங்கள். கொட்டினால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தும் பல மாதம் உயிரோடு கிடக்கும்.

கேள்வி: வலையில் ஒட்டிய கொசுக்களை எப்படி எடுப்பது? கழுவலாமா?

பதில்: கழுவக் கூடாது, ஈரத்துணியும் வேண்டாம். சுவிட்சை அணைத்து, ஸ்குரூடிரைவரால் மிச்ச சார்ஜை வடித்துவிட்டு, காய்ந்த பழைய பல்துலக்கும் பிரஷால் தட்டிவிடுங்கள். குப்பைத் தொட்டிக்கு மேலே பிடித்துச் செய்தால் தரையைக் கூட்ட வேண்டியிருக்காது.