பாஸ்டன் பக்கம் வசந்தம் வந்தால் வான்கோழியும் வரும்

தம்பி, வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம், மகளின் பள்ளி, வான்கோழி என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். முதல் மூன்றுக்கும் பதில் சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். மகளைப் பள்ளி பஸ்ஸில் ஏற்றப் போகும்போது வான்கோழிச் சேவல் வழிமறிக்கிறது, மழை பெய்த நாட்களில் காணவில்லை, வெயில் வந்ததும் திரும்பிவிட்டது, இது எப்போது ஓயும் என்று கேட்டீர்களே, அதற்கு மட்டும் சொல்கிறேன். பாஸ்டன் புறநகரில் என் முதல் ஏப்ரலும் அப்படித்தான் போனது.

மே மாதக் கடைசி வரை ஓயாது. இணை சேரும் பருவத்தைத் தொடங்கிவைப்பது பகல் பொழுது நீள்வதுதான், வெப்பம் அல்ல. பகல் நீள நீளச் சேவலின் உடலில் ஹார்மோன் ஊறுகிறது, தலையும் கழுத்தும் சிவப்பும் நீலமும் வெள்ளையுமாக நிறம் மாறுகின்றன. மார்ச்சிலேயே குரல் கேட்கத் தொடங்கும். ஆனால் அன்றன்றைக்கு ஆட்டத்தைத் தீர்மானிப்பது வானிலை. தரையில் பனி கனமாகக் கிடந்தால் குளிர்காலக் கூட்டம் கலையத் தாமதமாகும். காற்றும் மழையும் அடித்தால் மரக்கிளையிலேயே வாயடைத்து உட்கார்ந்திருக்கும். மழை விட்டுக் காற்று அடங்கித் தெளிவாக விடிகிற காலையில் விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடிக்கும். நீங்கள் கவனமாக இருக்க வேண்டியது அந்தக் காலையில்தான். பெட்டைகள் அடைகாக்கப் போன பிறகு, துணை கிடைக்காத சேவல்கள் மறுபடியும் ஒரு சுற்றுக் கூவும். "ஏப்ரலோடு முடிந்தது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டு மூன்று சேவல்கள் ஒன்றாக வருகின்றன என்று எழுதியிருந்தீர்கள். அவை பெரும்பாலும் சகோதரர்கள். சேர்ந்து தோகை விரித்தாலும் இணை சேர்வது அவற்றில் மேலோங்கி நிற்கும் ஒன்றுதான்; 2005ல் மரபணுச் சோதனை வைத்தே இதைக் காட்டினார்கள். இப்படி யார் மேல், யார் கீழ் என்று பார்த்து வாழும் பறவை அது. பின்வாங்குகிற மனிதரைத் தனக்குக் கீழே வைத்துவிடும். அதனால் ஓடாதீர்கள், மகளையும் ஓட விடாதீர்கள். குடையை அதன் முகத்துக்கு நேரே படீரென்று விரியுங்கள். துடைப்பம் போதும், தோட்டக் குழாய்த் தண்ணீர் இன்னும் நல்லது. பளபளக்கும் காரில் தன் நிழலைப் பார்த்துப் போட்டிச் சேவல் என்று கொத்தும். கண்ணாடிகளைத் துணியால் மூடி வையுங்கள். காயப்படுத்த மட்டும் கூடாது. பருவத்தில் உரிமத்தோடு வேட்டையாடுவதைத் தவிர மற்றபடி சட்டம் அதைக் காக்கிறது.

இனி என் ஆத்திரத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தெருவில் யாரோ தீனி போடுகிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஊரில் காக்கைக்கு வைத்த பழக்கத்தில் மீந்த சோற்றைப் பின்வாசலில் கொட்டுகிற நம் ஆட்களை எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். புண்ணியம் என்கிறார்கள். தீனிக்குப் பழகிய பறவை மனிதருக்கு அஞ்சாது, அடுத்த வீட்டுக் குழந்தையைத்தான் துரத்தும். இருபது வருடம் இங்கே இருந்தும் வாசலில் நிற்கும் மரத்தின் பெயர் தெரியாதவர்கள்தான் "இந்தச் சனியன்களை ஒழிக்கக் கூடாதா" என்றும் கேட்கிறார்கள். காட்டை வெட்டியும் சுட்டும் 1851ல் இந்த மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வான்கோழியே இல்லாமல் செய்துவிட்டார்கள். 1972, 73ல் நியூயார்க் மாநிலத்தில் பிடித்த 37 பறவைகளை மேற்கே பெர்க்‌ஷையர் மலைக்காட்டில் விட்டு மீட்டெடுத்தார்கள். இன்று 25,000க்கு மேல். அந்த உழைப்பை மதிக்கத் தெரிய வேண்டாமா?

நான் வந்தபோது இதையெல்லாம் சொல்ல ஆளில்லை. கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தோம், மனைவி கர்ப்பிணி. காரைவிட்டு இறங்க விடாமல் ஒரு சேவல் சுற்றிச் சுற்றி வரும். குடை வித்தையைக் கற்றுக்கொடுத்தவர் மாடியில் இருந்த ஐரிஷ் மூதாட்டி. அதற்குப் பிறகு நானே வனவிலங்குத் துறையின் கையேட்டை வாங்கிப் படித்தேன், விடியலில் எழுந்து கவனித்தேன். இன்று எங்கள் தெருவில் வெள்ளைக்காரர்களே என்னிடம் வந்துதான் கேட்கிறார்கள்.

பிரசவத்துக்கு வந்த அம்மா மே முழுக்க வான்கோழிகளைத் திட்டிக்கொண்டே இருந்தார். ஜூனில் குஞ்சுகள் வந்ததும் ஜன்னலைவிட்டு நகரவில்லை. அந்த வருடம் பொரித்த கையோடு விடாத குளிர்மழை. முதல் இரண்டு வாரம் குஞ்சின் மென்தூவி ஈரம் தாங்காது, தாயின் சிறகுக்கடியில் ஒண்டினால்தான் பிழைக்கும். மழை விட்ட பிறகு பாதிக் குஞ்சுகளே தாயோடு வந்தன. அம்மா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் ஒரு கிண்ணம் சோற்றோடு வாசலுக்குப் போனவரைத் தடுக்கப் பெரும்பாடு பட்டேன்.

உங்கள் மாமியார் ஜூனில் வருகிறார் என்று எழுதியிருந்தீர்கள். விமானம் ஏறும் முன்பே அவரிடம் பேசிவிடுங்கள்.