யூத மறைஞான மரபில் பெண் குரு யாராவது இருந்தார்களா?

கேள்வியில் இன்னொரு வரியும் இருந்தது: “கபாலா என்பது ஆண்களுக்கு மட்டும், அதுவும் நாற்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கு மட்டும் என்கிறார்களே, உண்மையா?”

கபாலா என்பதுதான் அந்த மறைஞான மரபின் பெயர். அப்படி ஒரு வழக்கம் பல இடங்களில் இருந்தது, உண்மைதான். ஆனால் அதையும் மீறி ஒரு பெண் குருபீடத்தில் இருந்திருக்கிறார். பெயர் ஆஸ்நாத் பர்சானி. காலம் 1590 முதல் 1670 வரை என்று சொல்வார்கள். இடம், இன்றைய வடக்கு ஈராக்கில் உள்ள குர்திஸ்தான் மலைப்பகுதியும் மோசுல் நகரமும்.

பர்சானி என்றதும் சிலருக்கு குர்து தலைவர் முஸ்தபா பர்சானி நினைவுக்கு வரலாம். நானும் அவரைப் பற்றிப் படிக்கப் போய்த்தான் இந்த அம்மாவிடம் வந்து சேர்ந்தேன். பர்சான் ஒரு ஊர். அந்த ஊர்ப் பெயரை முஸ்லிம் குடும்பமும் வைத்துக்கொண்டது, யூதக் குடும்பமும் வைத்துக்கொண்டது. ஆஸ்நாத் என்ற பெயர் வேதாகமம் படித்தவர்களுக்குப் புதிதல்ல. எகிப்தில் யோசேப்பு மணந்த பெண்ணின் பெயர் அது.

அப்பா ஷமுவேல் பர்சானி பெரிய ரபி, அதாவது யூத மதகுரு; கபாலா அறிந்தவர். குர்திஸ்தானில் படித்த குருமார்கள் இல்லையே என்ற கவலையில் ஊர் ஊராக யெஷிவா, அதாவது வேதபாடசாலை, தொடங்கினார். அவருக்கு ஆண் பிள்ளை இல்லை. மகனுக்குச் சொல்லித்தர வேண்டியதையெல்லாம் மகளுக்குச் சொல்லித்தந்தார்: தோரா என்ற வேதம், தால்மூத் என்ற சட்ட விளக்க நூல், அப்புறம் கபாலா. கலிலேயாவின் சஃபேத் ஊரில் கபாலாவுக்குப் புது உருவம் கொடுத்த ஐசக் லூரியா இறந்தது 1572-ல். அவர் இறந்து இருபது வருஷம்கூட ஆகாத நிலையில் பிறந்தவர் ஆஸ்நாத்.

கல்யாணம் வந்தபோது அப்பா ஒரு நிபந்தனை போட்டார். மாப்பிள்ளை யாக்கோபு மிஸ்ராகி, அவருடைய மாணவர்களிலேயே கெட்டிக்காரர். மகளை வீட்டு வேலை எதுவும் செய்யச் சொல்லக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். பதினேழாம் நூற்றாண்டு மலைநாட்டில், ‘என் பெண் சமைக்க மாட்டாள், படிப்பாள்’ என்று சொல்லிக் கட்டிக்கொடுத்த அப்பா! மாப்பிள்ளையும் வாக்குத் தவறவில்லை.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், ஆஸ்நாத்தே எழுதியிருக்கிறார். ஹீப்ருவில், எதுகையோடு ஓடும் உரைநடையில் அவர் எழுதிய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. என்னைக் கேட்டால் அவரைப் பற்றிய எந்தக் கதையையும் விட இந்தக் கடிதங்கள்தான் ஆச்சரியம். அறிஞர்களின் மடியில் வளர்ந்தேன், வீட்டு வாசலைத் தாண்டியதில்லை, இஸ்ரவேலின் ராஜகுமாரி போல இருந்தேன், வேதம் படிப்பதைத் தவிர வேறு வேலை எனக்குக் கற்றுத்தரப்படவில்லை என்கிறார். “இரவும் பகலும் அதைத் தியானித்துக்கொண்டிருப்பாயாக” என்று யோசுவா புத்தகத்தில் வரும் கட்டளையைத் தனக்கே சொன்னதாக எடுத்துக்கொள்கிறார். கணவர் தன் படிப்பில் மூழ்கிவிடுவார், மாணவர்களுக்குச் சொல்லித்தர அவருக்கு நேரமில்லை. அவர் இடத்தில் இருந்து நான் நடத்தினேன், அவருக்குத் துணையாக இருந்தேன் என்றும் சொல்கிறார். துணை என்று அவர் எழுதும் இடத்தில் ஆதியாகமத்தில் ஏவாளுக்கு வரும் அதே ‘ஏற்ற துணை’ ஒலிக்கிறது. அடுப்படியில் அல்ல, வகுப்பறையில் ஏற்ற துணை. சிரித்துக்கொண்டே எழுதினாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கடிதத்தின் நோக்கம் என்ன தெரியுமா? பணம். கணவர் இறந்த பிறகு மோசுல் யெஷிவாவின் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. கடன்காரர்கள் வீட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவர் முன்னால் இருந்த புத்தகங்களைக்கூட விடவில்லை. ஆண் ரபி என்றால் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்து நன்கொடை திரட்டலாம். பெண் அப்படிப் போவது வழக்கமில்லை. ஆகவே உட்கார்ந்த இடத்திலிருந்தே எழுதினார். என் அப்பாவும் கணவரும் வளர்த்த வேதப் படிப்பு இந்த ஊர்களில் அழிந்துபோக விடாதீர்கள் என்று கேட்கிறார். ஒரு பள்ளிக்கூடத்தைக் காசில்லாமல் நடத்திப் பார்த்தவர்களுக்கு அந்தக் குரல் பழக்கமானதாகத்தான் இருக்கும்.

ஆனால் குர்து யூதர்கள் வாய்வழியாகக் காப்பாற்றியது வேறு ஆஸ்நாத்தை. கபாலாவில் கடவுளின் மறைவான திருநாமங்களுக்குச் சக்தி உண்டு என்ற நம்பிக்கை இருக்கிறது. அந்த நாமங்கள் அறிந்தவர் என்று அவரைச் சொன்னார்கள். இரண்டு குழந்தைகள் பிறந்ததும், இனி படிப்புக்குத் தடை வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டாராம். அதற்கப்புறம் குழந்தை பிறக்கவில்லையாம். அமாதியா ஊரில் அமாவாசை கழிந்து மாதம் பிறக்கும் பண்டிகையைப் பயந்து பயந்து வீட்டுக்குள் கொண்டாடியவர்களை, பழையபடி வெளியே வந்து கொண்டாடச் சொன்னாராம். கொண்டாட்டத்தின் நடுவே ஜெப ஆலயம் தீப்பற்றியது. அவர் ஒரு திருநாமத்தை முணுமுணுக்க, தேவதூதர்கள் கூட்டமாக இறங்கிச் சிறகால் அடித்துத் தீயை அணைத்தார்கள். ஒரு தோராச் சுருள்கூடக் கருகவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஒரு பெண்ணிடம் இத்தனை அதிகாரம் எப்படி வந்தது என்பதற்கு ஊர் கண்டுபிடித்த விளக்கம் இது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இணையத்தில் ‘உலகின் முதல் பெண் ரபி’ என்று அவரைப் போடுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடில்லை. முறைப்படி ரபி பட்டம் பெற்ற முதல் பெண் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் ஜெர்மனியின் ரெஜினா ஜோனாஸ், 1935-ல். ஆஸ்நாத்துக்கு அவர் காலத்தவர் கொடுத்தது ‘தன்னாயித்’ என்ற பட்டம். மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பு உருவான காலத்துப் பழைய அறிஞர்களுக்கு உரிய ‘தன்னா’ என்ற சொல்லின் பெண்பால் அது. ரபியைவிடக் குறைந்த மரியாதை என்று சொல்ல முடியாது.

பின்னாளில் பாக்தாத் யூதர்கள் தங்களுக்கு ஒரு ஆசிரியர் வேண்டும் என்று கேட்டபோது அவருடைய மகன் ஷமுவேல் அங்கே போனார். அமாதியாவில் உள்ள ஆஸ்நாத்தின் சமாதிக்கு யூதர்கள் யாத்திரை வந்துகொண்டிருந்தார்கள். 1950, 51-ல் ஈராக்கிய யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

மேலே படிக்க ஆசை இருந்தால் தேவதூதர் கதையை விட்டுவிட்டுக் கடிதத்திலிருந்து தொடங்குங்கள். ஜேக்கப் மான் என்ற ஆய்வாளர் 1930-களில் குர்திஸ்தான் யூதர்களின் ஆவணங்களை அச்சிட்டபோதுதான் அது வெளியே வந்தது. ஆங்கிலத்திலும் சில பகுதிகள் கிடைக்கின்றன. புத்தகங்களைப் பிடுங்கிக்கொண்டு போன இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.